சில்லாண்டு வாழ்க

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அறிவுரை சொல்ல வராது, கோபப்படத்தான் வரும். கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நண்டின் பொறுப்பையும் உங்கள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தவளை, ‘அக்கா, உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க’ என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறீர்கள். அனுபவம் என்றால் என்ன, நான் செய்த தப்புகள்தானே. அதில் பெரிய தப்பு ஒன்றை எழுதுகிறேன். தாராளமாகச் சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் பயந்தீர்கள் என்றால் எனக்குத் திருப்தி.

உங்களில் சிலருக்கு நண்டு எப்படிப் பிறந்தது என்பதே தெரியாது. (‘பலருக்கு’ என்றுதான் எழுத வந்தேன். கடைசி நிமிடத்தில் கை பின்வாங்கிவிட்டது. காரணம் போகப் போகப் புரியும்.) ஆறு பேர் சேர்ந்து, சம்பளமில்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று எழுதிய எடிட்டர் அது, கம்ப்யூட்டரில் எழுத்தை அடிக்கவும் தேடவும் திருத்தவும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறோம் என்று திறந்தும் பார்க்கலாம். முதல் பதிப்பில் கீழே போகும் பொத்தானை அமுக்கினால் கர்சர் பக்கவாட்டில் போனது. அதனால்தான் நண்டு. மெனு முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். ‘முழுச் சொல்’, ‘மாற்றிடு’, ‘எல்லாவற்றையும் மாற்றிடு’ எல்லாம் நான் வைத்த பெயர்கள். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

வம்பு செம்மங்குப்பத்திலிருந்து தொடங்கியது. அங்கே ஓர் ஆலையில் இருந்த இன்ஜினியர் ஒருவர் நண்டைப் பயன்படுத்தினார். இயந்திரங்கள் நொடிக்கு நொடி எழுதித் தள்ளும் லாக் கோப்பை நண்டில் திறந்து ஏதாவது ஒரு சொல்லைத் தேடுவார். கோப்பு என்றால் நீங்கள் நினைக்கிற கோப்பு இல்லை, கடல் மாதிரி முடிவே தெரியாமல் கிடக்கும். ‘முழுச் சொல்’ டிக் போட்டுத் தேடச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் நண்டு தேடிக்கொண்டே இருக்கிறது என்று நம் இணையப் பக்கத்தில் எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். இன்னோர் எடிட்டர் அதே வேலையைக் கண் மூடித் திறப்பதற்குள் செய்கிறது என்றும் எழுதிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். தாமதம் எங்கே என்று கண்டுபிடித்தேன். ‘பல’ என்று முழுச் சொல்லாகத் தேடினால் நண்டு ‘பல’வை மட்டும்தான் பிடிக்க வேண்டும், ‘பலகை’யையும் ‘பலா’வையும் தொடக்கூடாது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நிற்பது எழுத்தா இல்லையா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இது சுலபம். தமிழில் ‘லா’ என்பது நமக்கு ஓரெழுத்து, கம்ப்யூட்டருக்கு இரண்டு. ல ஒன்று, அதன் பின்னால் வரும் கால் ஒன்று. ‘ல்’ என்பதும் அப்படித்தான், ல ஒன்று, புள்ளி ஒன்று. இந்தக் காலும் கொம்பும் புள்ளியும் முன்னால் நிற்கும் எழுத்தோடு சேர்ந்தவை என்பதை நண்டு ஒவ்வோர் இடத்திலும் நின்று, யோசித்து, சரிபார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்த யோசனையைப் பிடுங்கி எறிந்தேன். காலும் புள்ளியும் எழுத்தே இல்லை என்று வைத்துக்கொண்டால் போதும், தேடல் பறந்தது.

பழைய நிதானமான முறையை நான் ஒரேயடியாகத் தூக்கிப் போடவில்லை. நல்லவள் ஆயிற்றே. அமைப்புகளுக்குள் மூன்று படி இறங்கினால் ‘துல்லியத் தேடல்’ என்று ஒரு பொத்தான் வைத்தேன். வேண்டியவர்கள் போய் அமுக்கிக்கொள்ளட்டும். ஒன்றும் அமுக்காதவர்களுக்கு வேகமான முறை.

அதைக் குழுவின் பார்வைக்கு வைத்தபோது மூத்தவர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெயரைப் போட்டால் வீட்டுக்கே வந்து சண்டை பிடிப்பார், அதனால் வேண்டாம். ‘தமிழ்ல போட்டுப் பாத்தியா?’ என்று எழுதியிருந்தார். ‘தமிழில் யார் இவ்வளவு பெரிய கோப்பில் தேடப் போகிறார்கள்’ என்று பதில் போட்டேன். கேள்வி ஒன்று, பதில் வேறு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என்னோடு வாதாடுவதைவிட ஒப்புதல் கொடுப்பது சுலபம் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். கொடுத்துவிட்டார்.

இதை நன்றாகக் கவனியுங்கள். நாங்கள் ஆறு பேரும் தமிழ்க்காரர்கள். எடிட்டரின் பெயர் தமிழ், மெனு தமிழ், எங்களுக்குள் நடக்கும் சண்டைகூடத் தமிழ். சோதனைக்கு எடுத்தது மட்டும் ஆலையின் ஆங்கில லாக் கோப்பு. அதில் எல்லாம் சரியாக வந்தது, வராமல் என்ன செய்யும். ‘பட்டு பட்டுனு வருது மேடம்’ என்று இன்ஜினியர் எழுதினார். அதை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் மீன் குழம்பில் கவனமாக இருந்தபடியே, யாருக்கு அவ்வளவு அவசரம் என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து மாதம் போனது. நண்டின் உதவிப் பக்கத்தில் என் போன் நம்பரைப் போட்டு வைத்திருந்தேன். உதவும் ஆசை பாதி, பவிசு பாதி. அதில் வரும் அழைப்புகளில் முக்கால்வாசி நண்டுக்குச் சம்பந்தமில்லாதவை. பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது என்று அண்ணாகிராமத்திலிருந்து ஒருவர் வாரா வாரம் கூப்பிடுவார். அதனால் அந்த வெள்ளிக்கிழமை காலை கடலூரில் என் ஆபீசில் போன் அடித்தபோது அவர்தான் என்று நினைத்து எரிச்சலோடு எடுத்தேன்.

பெண் குரல். “நண்டு மேடமா?” என்று கேட்டது.

சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பக்கத்து அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்ப்பதாகவும், பெயர் ஸ்டெல்லா என்றும் சொன்னாள். அச்சகத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் வேறெதுவும் ஓடாது, நண்டு ஓடுகிறது, அதனால் மூன்று வருஷமாக எல்லா மேட்டரையும் நண்டில்தான் அடித்துத் திருத்துகிறாளாம். நான் உடனே நன்றி சொன்னேன். நன்றி சொல்லக் கூப்பிடவில்லை மேடம் என்றாள்.

விஷயம் இது. பண்ருட்டிப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை கடலூரில் மணிவிழா. தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். அவர் மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் போட்டார்கள். எழுதியவர்கள் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு புகழ்ந்திருந்தார்கள். பல நூல்கள் எழுதியவர், பல பரிசுகள் பெற்றவர், பல மேடைகள் கண்டவர் என்று பக்கத்துக்குப் பக்கம் பல. மனிதர் கறாரானவர். புரூஃபைப் பார்த்துவிட்டு, நான் எழுதியது மூன்று புத்தகம், அது எப்படிப் பல ஆகும், எல்லா இடத்திலும் ‘சில’ என்று மாற்றுங்கள் என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பிவிட்டார்.

ஸ்டெல்லா மாற்றினாள். ‘பல’ என்று கொடுத்தாள், ‘சில’ என்று கொடுத்தாள், ‘எல்லாவற்றையும் மாற்றிடு’ அமுக்கினாள். முதல் நாலு பக்கத்தைப் பார்த்தாள், சரியாக இருந்தது. ஒரே ஒரு சொல்தானே என்று முதலாளி அவசரப்படுத்த, மேட்டர் மிஷினுக்குப் போய்விட்டது. நேற்று மலர் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருக்கிறது.

பிறகு அவள் படிக்க ஆரம்பித்தாள். தலைமையாசிரியர் பட்டம் பெற்றது சிதம்பரம் சில்கலைக்கழகத்தில். அவர் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சிலாத் தோப்பு இருக்கிறது. அவர் தம்பி கப்சிலில் பொறியாளர். அவரைப் பார்த்தால் மாணவர்கள் கும்சிலாக ஓடிவருவார்கள். மருமகன் கடலூரில் புகழ்பெற்ற சில் மருத்துவர்.

நான் சிரித்துவிட்டேன். சின்னச் சிரிப்பு இல்லை, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். நான் சிரித்து முடிக்கும்வரை அந்தப் பெண் பேசாமல் காத்திருந்தாள். அதன் பிறகு கடைசிப் பக்கத்தைப் படித்தாள். தலைமையாசிரியரும் அவர் மனைவியும் மாலையோடு நிற்கும் கலர் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘சில்லாண்டு வாழ்க’.

அவருக்குப் போன மாதம்தான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களாம்.

இன்னும் இருந்தது. ஸ்டெல்லா அவருடைய பழைய மாணவி. பதினொன்றாம் வகுப்பில் தமிழில் அவளை ஃபெயில் போட்டவர் அவர்தான். அவள் அம்மா அவர் வீட்டுக்கே போய் அழுதிருக்கிறார். தலைமையாசிரியரின் மனைவிக்கு அது நன்றாக நினைவிருந்தது. மனசில் வஞ்சம் வைத்து இந்தப் பெண் வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று அவர் முதலாளியிடம் சொல்ல, முதலாளி திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“வேலை போனாக்கூட வேற பாத்துக்குவேன் மேடம்,” என்றாள். “நான் சாரைச் சாகச் சொல்லிட்டேன்னு பேசிக்கிறாங்க. அது எப்படி மேடம் போகும்?”

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் நாளைக்கு உங்கள் வாயிலும் இதேதான் முதலில் வரும். அமைப்புகளில் ‘துல்லியத் தேடல்’ என்று ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் ஆன் செய்திருக்க வேண்டும் என்றேன். உதவிப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறோமே என்றும் சொன்னேன்.



“பலா இருக்கு, பல்கலைக்கழகம் இருக்கு, அதெல்லாம் மாறிடக்கூடாதுன்னு யோசிச்சுத்தான் மேடம் ‘முழுச் சொல்’ டிக் போட்டேன்,” என்றாள். “தமிழ்ல எழுதியிருந்துச்சு. நம்பிட்டேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அசட்டையாகச் செய்யவில்லை. என்ன தப்பு வரலாம் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறாள். அதைத் தடுக்க நான் வைத்த பொத்தானையே தேடிப் போட்டிருக்கிறாள். காலும் புள்ளியும் எழுத்தில்லை என்றால் ‘பலா’வும் ‘பல்’லும் நண்டுக்கு வெறும் ‘பல’தானே. அந்தப் பொத்தானுக்குத் தமிழில் பெயர் மட்டும் வைத்துவிட்டு வேலையை ஆங்கிலத்துக்குச் செய்து வைத்தவள் நான். ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் குழுவுக்குத் தகவல் போட்டேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பதில்கள் வந்து குவிந்தன. ஒருவன் ஸ்கிரீன்ஷாட் கேட்டான். ஒருவன், இது பிழை இல்லை, நாம் சொன்னபடிதான் நண்டு நடந்திருக்கிறது, பிழை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள் அக்கா என்றான். இன்னொருவன் சத்தமில்லாமல் சரிசெய்து அடுத்த பதிப்பில் விட்டுவிடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றான். எல்லாம் மூளையுள்ள பிள்ளைகள்தான். மூத்தவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் அன்றைக்குக் கேட்ட கேள்வியை இன்னொரு முறை எடுத்துப் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் போடவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

அச்சகத்தில் மலர்க் கட்டுகள் மேசையில் கிடந்தன. முதலாளி பாலு விசிறிக்குக் கீழே நின்றும் வேர்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவோடு மலரை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு முன்னால் வைத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது, அந்த அம்மா தொடவில்லை. மருமகன் வாசலருகே நின்றிருந்தார். சில் மருத்துவர் என்று அச்சில் வந்த மனிதரின் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூலையில் ஒல்லியாக, கையில் ஏதோ ஒரு தாளை மடித்துப் பிடித்தபடி நின்றவள்தான் ஸ்டெல்லா என்று சொல்லாமலே தெரிந்தது.

நான் யார் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

தலைமையாசிரியர் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “வேணும்னு செஞ்சதா இருக்க முடியாது,” என்றார்.

அவர் மனைவி எப்படி என்று கேட்டார்.

“பலவும் ஆண்டும் சேந்தா பல்லாண்டு. சிலவும் ஆண்டும் சேந்தா சில்லாண்டு. விதி அதேதான், ஒரு எழுத்து பிசகல. சில்கலையும் அப்படித்தான், இலக்கணப்படி சுத்தம். இதை வேணும்னு செய்யணும்னா புணர்ச்சி விதி தெரிஞ்சிருக்கணும். ஸ்டெல்லாவுக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது. நானே ஃபெயில் போட்டிருக்கேன்.”

மருமகன் முதலில் சிரித்தார். பாலு அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். தலைமையாசிரியரின் மனைவி முகமும் கொஞ்சம் தளர்ந்தது. பாலு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சரி, தெரியாமல் செய்துவிட்டது, அதற்குப் புத்தி அவ்வளவுதான் என்றார். ஸ்டெல்லாவைப் பார்த்து, திங்கட்கிழமை வேலைக்கு வரலாம், ஆனால் இனிமேல் விசிட்டிங் கார்டு மட்டும் பார்த்தால் போதும், புத்தகத்தில் கை வைக்க வேண்டாம் என்றார்.

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது. வஞ்சகி என்ற பேர் போய்விட்டது, மட்டி என்ற பேர் வந்துவிட்டது. வேலையும் பாதி மிச்சம். லேப்டாப் இன்னும் பைக்குள்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்படியே நழுவி வெளியே போய் அடுத்த கடலூர் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நண்டின் பேரே அங்கே அடிபடவில்லை. ஸ்டெல்லா என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நம் வேலையில் பெரிய சிக்கல் வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிறீர்களே, சிக்கல் அப்படி மணியடித்துக்கொண்டு வராது. எல்லோரும் சமாதானமாகிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். அதுதான் கஷ்டம்.

“தெரியாம செஞ்சது இவ இல்ல சார், நான்,” என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் நீங்கள் என்று பாலு இப்போதுதான் கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. லேப்டாப்பை மேசையில் வைத்து நண்டைத் திறந்து தலைமையாசிரியரிடமே நகர்த்தினேன். அவர் இஷ்டத்துக்கு ஏதாவது அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் நிதானமாக, ‘பலாமரத்தில் பல்லி’ என்று அடித்தார். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு அன்றைக்குச் செய்த மாதிரியே செய்யச் சொன்னேன். அவள் ‘முழுச் சொல்’ டிக்கைப் போட்டாள். எல்லோரும் பார்க்கப் போட்டாள். பிறகு அமுக்கினாள். ‘சிலாமரத்தில் சில்லி’ என்று வந்தது.

பழையபடி அடித்து, துல்லியத் தேடலை ஆன் செய்து மறுபடி காட்டினேன். பலாமரம் பலாமரமாகவே நின்றது, பல்லியும் அசையவில்லை. ஸ்டெல்லா செய்ததில் ஒரு குறையும் இல்லை, அவள் போட்ட டிக் சரியானது, அந்த டிக்கை ஏமாற்று டிக்காக்கி வைத்தது நான் என்று சொன்னேன்.

தலைமையாசிரியருக்குக் கோபம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. வகுப்பில் கேட்பது போலக் கேட்டார். “அது ஏம்மா புள்ளியை எழுத்தாச் சேத்துக்கல?”

வேகமாகத் தேட வேண்டும் என்பதற்காக என்றேன்.

“இந்த மலர்ல தேடுனதுல எவ்ளோ நேரம் மிச்சமாச்சு?”

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆலைக் கோப்பு எங்கே, அறுபது பக்க மலர் எங்கே. ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை சார் என்றேன்.

“அதுக்கா என் ஆயுசைக் குறைச்ச?”

பாலு வெடித்துச் சிரித்தார். தலைமையாசிரியரின் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. முப்பது வருஷத்தில் எவ்வளவோ பேர் என் வேலையை விமர்சித்திருக்கிறார்கள், இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. திருத்தத் தாள் ஒன்று அடித்து ஒவ்வொரு மலரிலும் வைத்துவிடலாம் என்று நானே முந்திக்கொண்டு யோசனை சொன்னேன். பரிகாரம் தேடும் அவசரம் எனக்கு. அங்கேயே லேப்டாப்பில் அடித்தும் காட்டினேன்: ‘இம்மலரில் சில் என்று வரும் இடங்களிலெல்லாம் பல் என்று படிக்கவும்.’ சுருக்கமாக, ஒரே வரியில். பாலு பிரமாதம் மேடம் என்றார். மிஷினை ஓட்டச் சொல்லி உள்ளே குரல் கொடுக்கப் போனார்.

“வேணாம் மேடம்,” என்றாள் ஸ்டெல்லா. “பதினாலாம் பக்கத்துல சாரோட அப்பா சில்லறைக் கடை வச்சிருந்தாரு.”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. என் திருத்தத்தின்படி படித்தால் அவர் அப்பா பல்லறைக் கடை வைத்திருந்தவர் ஆகிவிடுவார். ஊரைத் திரட்டி ஒரு தப்பை ஒப்புக்கொண்டு, பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதே தப்பை என் கையாலேயே மறுபடி செய்திருந்தேன். இந்த முறை நண்டுகூட உதவவில்லை, முழுக்க என் சொந்த முயற்சி.

ஸ்டெல்லா கையில் மடித்து வைத்திருந்த தாளை விரித்தாள். காலையிலிருந்து அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எந்தப் பக்கம், எந்த வரி, என்ன வந்திருக்கிறது, என்ன வர வேண்டும் என்று ஒவ்வோர் இடமாக எழுதி வைத்திருந்தாள். யாரும் கேட்காததால் காட்டவில்லை. தலைமையாசிரியர் அதை வாங்கி, சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மலரோடு ஒப்பிட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பேனா ஓரிடத்திலும் இறங்கவில்லை. அதை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“பாலு, இதை அப்படியே அடி,” என்றார். “இனிமே எங்க புஸ்தகம் எது வந்தாலும் இந்தப் பொண்ணுதான் பாக்கணும்.”

பாலு தலையாட்டினார். விசிட்டிங் கார்டு பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. தலைமையாசிரியரின் மனைவி ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு, ஸ்டெல்லாவின் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை, ஆனால் கேட்ட விதத்தில் அது இருந்தது.

ஸ்டெல்லா பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்து வந்தாள். வழியில் நான் மன்னிப்பு கேட்டேன், போனில் சிரித்ததற்கும் சேர்த்து. பரவாயில்லை மேடம், எனக்கே முதலில் ‘கும்சில்’ படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு என்றாள். நாளைக்கே மாற்றிவிடுகிறேன், இனி ஒன்றும் அமுக்காதவர்களுக்குத் துல்லியத் தேடல்தான் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் யோசித்தாள்.

“அப்போ அந்த ஆலைக்காரருக்கு மறுபடி லேட் ஆகுமே மேடம்?”

ஆகும் என்றேன்.

“சத்தம் போடுவாரே?”

கட்டாயம் போடுவார் என்றேன்.

“போடட்டும் மேடம். அவுங்களுக்குக் கேக்கத் தெரியும், எந்தப் பொத்தான்னு நீங்க சொன்னா போய் அமுக்கிக்குவாங்க. எங்களுக்கு அப்படி ஒரு பொத்தான் இருக்குன்னே தெரியாதே.”

கடலூர் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பாடத்தைப் படிக்க எனக்கு முப்பது வருஷமும் ஒரு மணிவிழாவும் தேவைப்பட்டிருக்கிறது.

மறுநாள் காலை மாற்றி வெளியிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் செம்மங்குப்பம் இன்ஜினியர் கோபமாக எழுதினார், நண்டு மறுபடி தூங்குகிறது என்று. எந்தப் பொத்தான் என்று ஒரு வரியில் பதில் போட்டேன். அமுக்கிக்கொண்டார், நன்றியும் சொன்னார். மொத்தமே அவ்வளவுதான் அவருடைய கஷ்டம்.

ஸ்டெல்லா அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்களை நண்டில் திருத்திவிட்டாள், இன்றைக்கும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வாள், அம்மாவைப் பற்றிப் பேசுவாள், பாலுவைப் பற்றிப் புலம்புவாள். அந்த டிக்கைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே அவளுக்கு வரவில்லை.